தொடுவதற்கு முன்

வீட்டுக்காரருக்கு,

சேலத்தில் பயிற்சி நன்றாகத்தான் நடக்கிறது. ஐசியு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பழைய நர்சுகளான எங்களுக்கே மறுபடி சொல்லித் தருகிறார்கள். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டுமாம்.

நேற்று என்னை நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். கூடப் படிக்கும் எடப்பாடிப் பெண் வெண்ணிலா குனிந்து, "அக்கா, கையத் தொடட்டுங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மயக்கத்தில் இருப்பவள் அழலாமா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

உங்கள் பக்கத்தில் இத்தனை வருடமும் நினைவோடுதான் படுத்திருந்தேன். ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை போர்வெல் ரிக் வண்டி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னீர்கள். வர வேண்டாம். இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் "ஏ புள்ள" என்று மட்டுமே கூப்பிட்டவள்