கூப்பிட்டார்களாம்

ஜூன் 3

மூத்த மகனின் பையன் கப்பலில் எஞ்சினியர். அவன் தங்கை வரைந்து கொடுத்த பாலம் ஒன்று ஆற்றுக்கு மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. மகள் வயிற்றுப் பேரன் கணக்கில் முதல், வீட்டு வேலையில் கடைசி. இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் என் இளைய மகனின் பெண், வெடி. டாக்டர் படிப்புக்கான பரீட்சையில் எடுத்த எடுப்பிலேயே பாஸ்! பிறந்ததிலிருந்து அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. காதில் மிஷின் போட்டால் இரைச்சலாக ஏதோ கேட்கும்; மீதியை நம் வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அதனால்தான் வெடி.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; என் வீட்டில் ஒரு டாக்டர். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

ஜூன் 9

காது கேளாதவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மார்க் மட்டும் போதாதாம். எவ்வளவு கேட்கிறது, டாக்டருக்குப் படிக்க முடியுமா என்று ஒரு குழு பார்த்துச் சொல்லணுமாம். நாளைக்குப் போகிறோம். பார்க்கட்டுமே. நன்றாகப் பார்க்கட்டும்.

ஜூன் 10

ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

கூட வந்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வெடி மட்டும் உள்ளே போனாள். கூடம் முழுக்கக் காது கேளாத பிள்ளைகள். கிளார்க் கதவை ஒரு சாண் திறந்து, குனிந்த தலை நிமிராமல், தாளைப் பார்த்தே பெயர் படித்திருக்கிறான். முகத்தில் மாஸ்க் வேறு. கூடம் காலியான பிறகு இவளே போய் விசாரித்தாளாம்.

"கூப்பிட்டோம், நீ வரலை. 'வரவில்லை'ன்னு போட்டாச்சு."

"எனக்குக் காது கேக்காது சார். அதுக்குத்தானே வந்திருக்கேன்?"

"சத்தமாத்தாம்மா கூப்பிட்டேன்."

சத்தமா கூப்பிட்டானாம்! கண் தெரியாதவங்களை வரச்சொல்லிட்டுக் கை ஜாடை காட்டுவானா இவன்?

வண்டியில் திரும்பும்போது வெடி சொன்னாள்: "கேட்டிருந்தா, உனக்குத்தான் காது கேக்குதேன்னு அனுப்பியிருப்பாங்க பாட்டி. கேக்கலை, அதனால வரலைன்னு அனுப்பிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லை.

ஜூன் 11

மகனும் நானும் அவளுமாக அதிகாரியைப் பார்த்தோம். அந்த மனுஷன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பாட்டிம்மா, பேத்திகிட்ட சொல்லுங்க, அடுத்த வருஷம் வரட்டும்."

"அவ இங்கதானே உக்காந்திருக்கா? அவகிட்டயே சொல்லுங்க."

"விதிப்படி மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"முப்பது தடவை கூப்பிட்டாலும் அதேதான் சார்," என்றாள் வெடி.

மகன் என் கையை அமுக்கினான். "விடும்மா, பகைச்சுக்க வேண்டாம்." யார் பகைச்சது? நானா? படிக்கிற வயசுல ஒரு வருஷம்னா சும்மாவா? அவங்க அப்பன் வீட்டு வருஷமா, தூக்கிப் போட?

ஜூன் 12

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 15

அன்றைக்கு "வரவில்லை" ஆனவர்கள் இன்னும் சிலர் உண்டு. வெடி போனில் செய்தி அனுப்பியே தேடிப் பிடித்துவிட்டாள். இன்று எல்லாரும் போய் அதிகாரியின் அறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரோரமாக நானும்.

அதே கிளார்க் வந்தான். "எழுந்திரிங்க! யாரு இங்க உக்காரச் சொன்னது?"

ஒருத்தரும் அசையவில்லை. மறுபடி கத்தினான். வெடி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவன் தொண்டை கிழியக் கத்தியதில் அதிகாரியே வெளியே வந்துவிட்டார்.

"மூணு தடவை கூப்பிட்டுட்டாரு சார்," என்றேன். "விதிப்படி இவங்க யாரும் இங்க இல்லை. நீங்க உள்ள போய் வேலையைப் பாருங்க."

முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

அந்தப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை, கொஞ்சம் கேட்டும் உட்கார்ந்திருந்தார்களா? நான் கேட்கவில்லை.

ஜூன் 18

தாள் வந்தது. "கருணை அடிப்படையில் மறுவாய்ப்பு."

கருணையா? தப்பு உன்னுது, கருணை எங்களுக்கா? பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். அழுத்தி அடித்ததில் தாளே கிழியப் பார்த்தது. மகன் பதறிவிட்டான். "ஐயோ அம்மா, அதைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க!"

வெடி தாளை வாங்கிப் பார்த்தாள். "இப்படியே கொண்டு போறேன்," என்றாள்.

ஜூன் 22

கொண்டு போனாள். இந்தத் தடவை வரிசை எண்ணை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்களாம். ஒரு அட்டை, ஒரு பேனா. இவ்வளவுதானா? இதுக்கா எங்களை அலைய விட்டீங்க?

குழுவில் ஒரு டாக்டர், "இதயத் துடிப்பை எப்படிக் கேப்பே?" என்றாராம். துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி இருக்கிறது, பார்ப்பேன் என்றாளாம்.

"நோயாளி பேசுறது?"

"அவங்க முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். நீங்க இப்பப் பேப்பரைப் பாத்துப் பேசுற மாதிரி இல்லாம."

வாய் ஜாஸ்தி. யாரைக் கொண்டு பிறந்ததோ.

ஜூலை 6

இடம் கிடைத்துவிட்டது. "இனியாவது சந்தோஷமா இரும்மா," என்கிறான் மகன். இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும், மனசில் இடமா இல்லை?

ஆகஸ்ட் 19

ஹாஸ்டலிலிருந்து வெடி செய்தி அனுப்பியிருந்தாள். உடற்கூறு வாத்தியார் போர்டைப் பார்த்தே பாடம் நடத்துகிறாராம். முன்வரிசையில் உட்கார்ந்து கை தூக்கி, "இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க சார்" என்கிறாளாம். திரும்புகிறாராம். அடுத்த நாள் மறந்துவிடுகிறாராம். "சலிப்பா இருக்கு பாட்டி."

சலிச்சுக்கோ, ஆனா கையை இறக்காதே என்று எழுதினேன்.

அப்புறம் இதையும் எழுதினேன்: வெள்ளைக் கோட்டோடு புதுசாக ஒரு போட்டோ எடு. முடியை ஒதுக்கிக்கொள், காது மிஷின் தெரியட்டும். போனில் வேண்டாம், தபாலில் போடு. இரண்டு பிரதி. ஒன்று எனக்கு. இன்னொன்று அந்தக் கிளார்க்குக்கு. பின்பக்கம் "வந்துவிட்டேன்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பு.