மூன்று மணி நடை

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உனக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு காட்டுகிறது? குறைத்துச் சொல்லாமல் எழுது.

டாக்டர் உன்னைத் தினமும் நடக்கச் சொன்னபோது, நானும் அதே நேரம் இங்கே நடக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு மாலை ஐந்தரை என்றால் எனக்குப் பிற்பகல் மூன்று. வேலைக்கு நடுவே கிடைக்கும் அரை மணியில் கிடங்கைச் சுற்றி வந்தேன். நேற்று லேசாகத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். லாரி டிரைவர் ஒருவர் என்னை நிழலுக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

"இந்த வெயில்ல யாருய்யா நடப்பாங்க?"

"வீட்டுக்காரிகூட நடக்கிறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தலைக்கே ஏறிடுச்சு" என்று இன்னொரு பாட்டிலையும் ஊற்றினார்.

இனி நீ காலை ஏழரை மணிக்கு நடப்பாயா? இங்கே அப்போது ஐந்து, தரை சுடாது. குழம்பை முன்னாடியே இறக்கி வைத்துவிடு. தேய்ந்த செருப்பைப் போடாதே. கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மழை என்று என்றாவது நீ நடக்காவிட்டால் அதையும் சொல்லிவிடு. நான் மட்டும் தனியாக நடந்துகொண்டிருக்கக் கூடாது.

உன் வீட்டுக்காரன்