அடி தெரியாத படம்

ஜனவரி 12
மழை. தங்கச்சி கலாராணி இன்றும் வாய் திறக்கவில்லை. மடுல்சீமையில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயவரிசையில் கடைசி வீடுகள் புதைந்தபோது அவள் கொழுந்து நிறுக்கப் போயிருந்தாள். காய்ச்சலோடு படுத்திருந்த அவள் புருஷன் ஜெயரூபன் உள்ளே. நேற்றோடு தோண்டுவதை நிறுத்திவிட்டார்களாம். அவளைப் பதுளைக்கு, என் வீட்டுக்குக் கூட்டி வந்தது சரிதானா? அங்கேயே இருந்திருந்தால் அழுதாவது இருப்பாளோ.

ஜனவரி 13
நிறுத்தியதைச் சொல்லிவிட்டேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஜனவரி 17
பள்ளிக்கூடத்தில் என் கணக்கு வகுப்பில் காட்டுவதற்காக, ஒரே வடிவம் தனக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும் ஃபிராக்டல் படம் வரையும் மென்பொருளை லெப்டொப்பில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வண்டு மாதிரி ஓர் உருவம். அதன் ஓரத்தில் எங்கே மவுஸை அழுத்தினாலும் அந்த இடம் பெரிதாகி விரியும். சுருள், சுருளுக்குள் வால், வால் நுனியில் மறுபடி அதே வண்டு. கலா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டி மவுஸை வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 18
காலையிலிருந்து அதிலேயே.

ஜனவரி 21
"விடு, ஏதோ ஒன்னுல மனசு போகுதே" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாடுகிறவள் முகமா அது? நிறம் மாற்றிக் காட்டினேன். பார்க்கவில்லை. ஒரே கீறலுக்குள் கீழே, இன்னும் கீழே—
"என்னடி தேடுற?" என்று கேட்டேன். மவுஸை இன்னொரு தடவை அழுத்தினாள். அவள் என்ன தேடுறாள்னு எனக்குத் தெரியாதா? ஏன் கேட்டேன், மடச்சி.

ஜனவரி 24
இன்று பேசினாள்.
உள்ளே போகப் போக, படம் உடைந்து வெறும் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது.
"அக்கா, இது ஏன் இப்புடி ஆயிருச்சு?"
கம்ப்யூட்டர் ஓரளவு நுணுக்கமாகத்தான் கணக்குப் போடும், அதற்குக் கீழே அதால் பிரித்துப் பார்க்க முடியாது என்றேன்.
"அப்ப அதுக்குக் கீழ ஒன்னும் இல்லியா?"
"இருக்குடி. இதால போக முடியல, அவ்வளவுதான்."
கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தோண்டுனவங்களும் அப்புடித்தானே நிறுத்திட்டாங்க," என்றாள். "அவரு அங்கதான் இருக்காரு. எடுக்கத்தான் முடியல."
அப்புறம்தான் அழுதாள். ரெண்டு பேரும் அழுதோம்.

பெப்ரவரி 2
ஜெயரூபனின் தம்பி விஜேந்திரன் போனில் கோல் எடுத்தான். உடம்பு கிடைக்காமல் கருமாதி செய்யலாமா என்று அங்கே ஒரே பேச்சாம். கலா போனை என்னிடமிருந்து வாங்கினாள்.
"செய்வோம் தம்பி. அந்த மண்ணுகிட்டயே வச்சு செய்வோம்."

பெப்ரவரி 9
மடுல்சீமை போய் வந்தேன். சரிந்த இடத்தின் ஓரமாக வாழையிலை போட்டு எல்லாம் முடிந்தது. மேலே போகவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். கலா அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.
என்னோடு பஸ் ஏறவில்லை. "மூத்த மகன் இல்லாம மாமி தனியா இருக்காங்கக்கா. நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுக்கணும். கொழுந்தெடுக்க ஆள் இல்லையாம்" என்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. எந்த மனசோடு விட்டு வந்தேனோ.
வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவளே கோல் எடுத்தாள்.
"இங்க மறுபடியும் மழை புடிச்சிருச்சுக்கா."
தகரத்தில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.