ஜன்னலின் இரண்டு பக்கமும்

ஏங்க,

காலை ஷிஃப்ட், கிளம்பிவிட்டேன். சோறு குக்கரில் இருக்கிறது. பெயிண்டர் வந்ததும் எந்த நிறம் என்று கேட்பார்.

நேற்று சாயங்காலம் ஜன்னலின் இரண்டு பக்கமும் சுவரில் ஆளுக்கொரு நிறமாகப் பூசிக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே, இதுக்கா இவ்ளோ அலட்டல்?" என்றீர்கள். அதனால்தான் ராத்திரி பேசவில்லை, தூக்கத்தால் இல்லை.

விடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் பாலாடை நிறம். வலது பக்கம், அதே பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி. வெளிச்சம் ஏற ஏற இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, சுவரே மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது. கொஞ்ச நேரம் எது எதென்று எனக்கே தெரியவில்லை. (உடனே ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.)

அப்புறம்தான் பார்த்தேன். இரண்டிலும் ஒரு விரல் தடம். நான் தூங்கின பிறகு எழுந்து தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றுதான் என்று சொன்னவருக்கு அது எதற்காம்?

எந்த நிறமானாலும் சரி, நீங்களே சொல்லிவிடுங்கள்.

பி.கு.: விரலைத் தலையணை உறையில் துடைத்திருக்கிறீர்கள். அதை வந்து பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று: விரல் பட்ட இடத்தில் மட்டும் பூச வேண்டாம், அந்தத் தடம் அப்படியே இருக்கட்டும். பெயிண்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.