மச்சாளின் குரலுக்குப் பூட்டிய தட்டைக் கம்பிகள்

மச்சாள்,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வரைபடத் தாள் வாங்கக் கடைக்குப் போனேன். காசு மேசைக்குப் பின்னால், பூட்டுகளுக்கும் டோர்ச் பல்புகளுக்கும் நடுவில், பேஸ் கிற்றார் கம்பிகள் பையில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைக் கண்ட கடைக்கார நானா ஒரு பையை எடுத்து, வாயைப் பிரித்து என் கையில் தந்தார். புதுக் கம்பியின் மணம் உங்களுக்கு நினைவிருக்கும்: இரும்பும் மெல்லிய எண்ணெயும் கலந்த, புதுத் தையல் மெசின் போன்ற மணம்.

"சொரசொரப்பா வேணுமா, வழுவழுப்பா வேணுமா ரீச்சர்? இப்ப ரெண்டும் வருது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டும் வருதாம் மச்சாள்! இறக்குமதி நின்று, பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலத்தில், எந்தக் கம்பி என்று தெரிவு செய்ய நாங்கள் பட்ட பாட்டை அவரிடம் சொல்லி என்ன பயன்? வழுவழுப்பானதைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் போலிருந்தது.

என் கையில் பேஸ் கிற்றார் வந்ததே உங்களால்தான். உங்கள் தம்பி அன்ரனைக் கட்டிக்கொண்டு டொக்யாட் வீதி வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது புவியியலும், கோயிலில் ஓர்கன் வாசிப்பதும் மட்டும்தான். அன்ரனுக்குப் பகலில் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, பின்னேரமானால் கிற்றார். உங்கள் அவர் மாக்கஸ் அண்ணை ட்றம்ஸ். நீங்கள் பாட்டு. குழுவில் பேஸ் வாசித்தவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனபோது, கிற்றாரை உங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனார். ஒரு மாதம் அது அங்கேயே நின்றது. ஒருநாள் நீங்கள் அதைத் தூக்கி என் மடியில் வைத்தீர்கள்.

"அன்ரனுக்கு ஆறு கம்பி, அவனே வாசிக்கிறான். உமக்கு நாலுதான் மச்சாள். அதோட நீர் பட்டதாரி வேற."

சேலையில் கிற்றாரின் வார் இழுபடாமல் தோளில் சட்டை ஊசி குத்திவிடுவதும் நீங்கள்தான். குத்தும்போது ஒவ்வொரு முறையும் காதுக்குள் சொல்வீர்கள்: "ஊசி கழண்டாலும் வாசிப்பை நிப்பாட்டாதேயும். சனம் அண்டைக்குத்தான் எங்களை வடிவாப் பாக்கும்."

அப்போது உங்கள் குரல் மேலே மேலே போகும் குரல். மண்டபத்துக்கு வெளியே சைக்கிள் பூட்டிக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். பிறகுதான் கழுத்தில் கழலை வந்து, வெட்டி எடுத்தார்கள். கதைக்கலாம் என்றார் டொக்டர். பாட்டு எப்படியென்று கேட்டதற்கு, தெரியாது என்றார். நீங்கள் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மாதக் கணக்கில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தீர்கள். நாங்கள் பாட்டின் மெட்டை அன்ரனின் கிற்றாரில் வாசித்து ஒப்பேற்றினோம்.

"இனிப் பாட்டு இல்லாம இசை மட்டும் வாசிப்பம் அக்கா. இப்ப அதுதான் புதுசு" என்று அன்ரன் ஒருநாள் மெல்லச் சொன்னார். நீங்கள் "ஓம், ஓம்" என்றுவிட்டுக் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளை எல்லாம் திரும்பவும் கழுவினீர்கள். நான் பின்னால் வந்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் சொன்னீர்கள்:

"உயிர்த்த ஞாயிறு விருந்து வரைக்கும் பாப்பன் மச்சாள். அண்டைக்கும் ஏலாதெண்டால், பிறகு மைக்கைக் கேக்க மாட்டன்."

அந்த நாளில் இருந்து என் காது உங்கள் தொண்டையிலேயே இருந்தது.

இதற்கிடையில் என் எண்ணெய்க் கதை. எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்குத் தப்பும் இரும்பு இல்லை. கத்தரிக்கோலுக்கும் கதவுக் கொளுவிக்கும் எல்லாரும் தேங்காய் எண்ணெய்தான் பூசுகிறோம். கிற்றார்க் கம்பிகள் செந்நிறமாகத் தொடங்கியதும் நானும் பஞ்சில் எண்ணெய் தொட்டு வடிவாகப் பூசினேன். அடுத்த கிழமை பக்கத்து ஊரான கப்பல்துறையில் ஒரு கலியாண வீடு. கிற்றாரைக் கேக் மேசைக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து வாசிக்கத் தொடங்கி இரண்டாவது மெட்டில்தான் தெரிந்தது, கழுத்துப் பலகை முழுக்கச் சிவப்பு எறும்பு. விரலைக் கடித்தன, மணிக்கட்டைக் கடித்தன, சட்டைக் கைக்குள்ளும் போய்விட்டன. வாசிப்பை நிறுத்தக் கூடாதே! காலை மாற்றி மாற்றி வைத்து, தோளைக் குலுக்கிக் குலுக்கி வாசித்தேன். சனம் கைதட்டியது. மாப்பிள்ளையின் தகப்பன் எனக்கு எதிரே வந்து நின்று என்னைப் போலவே ஆடத் தொடங்கினார்.

அப்போதுதான் நீங்கள் சிரித்தீர்கள். முன்வரிசைக் கதிரையில் இருந்து, துண்டு கழுத்தால் வழுக்கி விழ, வாய்விட்டுச் சிரித்தீர்கள். மாக்கஸ் அண்ணைக்குத் தாளம் பிசகியது. அது உங்கள் பழைய சிரிப்பில்லை. அடியில் இருந்து வந்த, கனத்த, கொஞ்சம் கரகரத்த சிரிப்பு. எறும்புக் கடியோடு நான் நினைத்தேன்: மச்சாளின் குரல் போகவில்லை, கீழ்மாடிக்கு இறங்கியிருக்கிறது.

எண்ணெயை எடுக்க அன்ரன் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பிகளைக் கழற்றி, உங்கள் புட்டுப் பானையில் போட்டு அவித்தார். நீங்கள் மூடியைத் திறந்து பார்த்ததும் சொன்னது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது: "ஆரும் சுகமில்லாம இருக்கினமே? கிற்றார் சூப் வைக்கிறியள்!" அவித்த கம்பிகள் ஒரு நாள் நன்றாக ஒலித்தன. மறுநாள் சுருதி கூட்டும்போது மெல்லிய கம்பி அறுந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கொழும்புக் கடைகளுக்கு எழுதிப் பார்த்தோம். இறக்குமதி இல்லை என்று பதில் வந்தது.

உயிர்த்த ஞாயிறு நெருங்கியது. அன்ரன் தேயிலை ஏற்ற வந்த கப்பல்களில் விசாரித்து, தூத்துக்குடிக்காரப் பெடியன் ஒருவரைப் பிடித்தார். பெயர் சேவியர். எஞ்சின் அறையில் வேலை, கப்பலில் ஓய்வு நேரத்தில் பேஸ் வாசிப்பவர். சிங்கப்பூரில் வாங்கிய இரண்டு பை கம்பி அவரிடம் இருந்தது. சல்லிக் கருவாடு ஒரு பொதிக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லி, ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். பின்னேரம் கப்பல் புறப்படும்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார்.

"ஓம்" என்றேன் நான். "ஓம்" என்றார் அன்ரன். "ஓம் ஓம்" என்றார் மாக்கஸ் அண்ணை.

"என்னங்க இது, வீடு முழுக்க மந்திரம் ஓதுறீங்க!" என்று சேவியர் சிரித்தார்.

ஒரு பையில் இருந்தவை உருண்டைக் கம்பி சுற்றியவை. விரலை ஓட்டினால் நெளிநெளியாகத் தட்டும், கிறீச்சென்று சத்தம் வரும். மற்றவை ஃபிளாற்வவுண்ட். நாடா போலத் தட்டையான கம்பியைச் சுற்றியிருப்பதால் விலாங்கின் முதுகு போல வழுக்கும், விரல் ஓடும் சத்தமே கேட்காது. சேவியர் கம்பியின் வாலை நறுக்காமல், தடித்ததை ஒரு பையில் இருந்தும் அதற்கடுத்ததை மற்றப் பையில் இருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டித் தந்தார். ஒரே சுரத்தை இரண்டிலும் மாறி மாறி அழுத்திப் பார்க்கலாம். வேண்டாததைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம்.

அன்ரனும் மாக்கஸ் அண்ணையும் தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று பார்க்கப் படலையடியில் போய் நின்றார்கள். உருண்டைக் கம்பியைத் தட்டினேன். ணங்கென்று மணி போல எழுந்து, வெகுநேரம் நின்றது. எனக்கே உடல் சிலிர்த்தது. தட்டைக் கம்பியைத் தட்டினேன். தும். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

"இதென்ன, மணலில தேங்காய் விழுந்த மாதிரி!" என்றார் மாக்கஸ் அண்ணை.

"மற்றது றேடியோவில வாற மாதிரியே இருக்கு" என்றார் அன்ரன். "பாட்டில்லாத இசைக்கு அப்பிடித்தான் வேணும்."

எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. "பாருங்கோ, மானுக்கும் அதுதான் பிடிச்சிருக்கு" என்றார் மாக்கஸ் அண்ணை.

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது மச்சாள். நாலு வருடம் பின்வரிசையில் நின்ற எனக்கு, என் ஒவ்வொரு தட்டும் மண்டபம் முழுக்க மணியாகக் கேட்கும் என்பது சின்ன ஆசையா? சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரம் குசினியில் நீங்கள் விருந்தாளிக்கு மீன் கட்லற் பொரித்துக்கொண்டிருந்தீர்கள். பொரிக்கும் சத்தத்துக்குள் ஆருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் முனகிக்கொண்டும் இருந்தீர்கள். நாங்கள் முன்பு வாசித்த ஒரு மெட்டுத்தான். நானும் அதையே வாசித்தேன். உருண்டைக் கம்பியில் வாசித்தபோது உங்கள் குரல் காணாமல் போனது. கீழே இறங்கிய உங்கள் குரலின் இடத்தில்தான் அந்த மணிச் சத்தமும் போய் உட்கார்ந்தது. தட்டைக் கம்பிக்கு மாறினேன். தும் என்று அடி விழுந்து ஒதுங்கியது, அதற்கு மேல் நீங்கள் நின்றீர்கள். திரும்பவும் மாற்றினேன், போய்விட்டீர்கள். திரும்பவும் மாற்றினேன், வந்தீர்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் குரல் கொஞ்சம் கூடிக்கொண்டு வந்தது. கடைசியில் எண்ணெய்க் கரண்டியும் கையுமாக நீங்களே வாசலில் நின்றீர்கள்.

"என்ன மச்சாள் விளையாடுறீர்? ஒருக்கா என்னை மூடுறீர், ஒருக்காத் திறக்கிறீர்!"

படலையடியில் இருந்த இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். மாக்கஸ் அண்ணையின் முகம் வாடிப்போய் இருந்தது. நீங்கள் பாட முயன்று உடைந்துபோவதை எல்லாருக்கும் முன்னால் பார்க்க அவருக்குப் பயம். அது எனக்கும் தெரியும்.

"டொக்டர் என்ன சொன்னவர், மறந்திட்டீரே?" என்றார்.

"பாடாதே எண்டு சொல்லேல்ல. தெரியாது எண்டுதான் சொன்னவர். அவருக்குத் தெரியாததை நான்தானே பாத்துச் சொல்ல வேணும்?"

சட்டியில் கட்லற் கருகும் மணம் வந்தது. "தட்டைக் கம்பி" என்றேன் நான். "வாசிக்கிறது நான். எனக்குத் தட்டைக் கம்பிதான் வேணும்."

அன்ரன் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். பிறகு கிற்றாரின் முறுக்காணியைத் திருகி உருண்டைக் கம்பியைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயோ, அதைத்தானே நான் எனக்குன்னு மனசுல வச்சிருந்தேன்" என்றார் சேவியர்.

"இன்னும் ரெண்டு கட்லற் சாப்பிடும் தம்பி" என்று கருகாததாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தீர்கள். பிறகு இன்னும் இரண்டு. கருவாட்டுப் பொதியையும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே பெரிதாக்கினீர்கள். அவர் போகும்போது "ஓம், ஓம்" என்றுதான் விடைபெற்றார்.

உயிர்த்த ஞாயிறு விருந்தில் நீங்கள் துண்டு இல்லாமல் வந்தீர்கள். தழும்பு தெரிந்தது. அதன்மேல் சங்கிலி போட்டிருந்தீர்கள். அன்ரன் பாட்டின் சுருதியை நன்றாகக் கீழே இறக்கியிருந்தார். எனக்கு ஊசி குத்திவிட்டபோது உங்கள் விரல்கள் குளிர்ந்திருந்தன, காதுக்குள் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வரியை நீங்கள் எடுத்ததும், சாப்பாட்டு மேசையில் நின்ற ஒருவர் "ஆர் பாடுறது?" என்று கேட்டுக்கொண்டே முன்னுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. மாக்கஸ் அண்ணையின் குச்சி அந்தரத்தில் நின்றது. நீங்களோ மைக்குக்குள்ளேயே அந்தக் கனத்த சிரிப்பைச் சிரித்து, "திரும்ப ஒருக்கா" என்று அந்த வரியை மறுபடியும் எடுத்தீர்கள். நான் தும் தும் என்று கீழே நடந்துகொண்டிருந்தேன். இந்த முறை குரல் உடையவில்லை. சனம் ஆடத் தொடங்கியது.

பிறகு வருடக் கணக்கில் பாடினீர்கள். பழைய குரலைக் கேட்டவர்கள்கூடப் புதியதைத்தான் கேட்டு அழைத்தார்கள். போன மாரியில் நெஞ்சு நோ என்று ஒருநாள் படுத்தீர்கள், அவ்வளவுதான். அதற்கு முந்திய கிழமையும் ஒரு கலியாண வீட்டில் பாடிவிட்டு, "கலியாணப் பொம்பிளையைவிட எனக்குத்தான் கைதட்டல் கூட" என்று வழி நெடுகப் பெருமையடித்தீர்கள்.

இப்போது எங்களோடு ஒரு பிள்ளை பாடுகிறாள். உங்களுடையதற்கு நேர் எதிரான, மெல்லிய குரல். முதல் ஒத்திகையில் பாதி வரியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரீச்சர், இந்த இடத்தில ஏன் விட்டிட்டு விட்டிட்டு வாசிக்கிறியள்? கம்பி ஏதும் பழுதே?"

மாக்கஸ் அண்ணை தலையைக் குனிந்து ட்றம்ஸ் ஆணியை இறுக்கினார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு மூச்சு நீளாது. வரியின் நடுவில் ஓரிடத்தில் மூச்செடுப்பீர்கள், அது கேட்கட்டும் என்று நான் விரலைத் தூக்கிவிடுவேன். என் கை இன்னும் அங்கே ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பி வாசிக்கப் பார்த்தேன் மச்சாள். ஏலாமல் கிடக்கிறது.

"பழுதில்லை பிள்ளை, அது அப்பிடித்தான்" என்றேன்.

ஓரிரு ஒத்திகை அவள் தடுமாறினாள். போன சனிக்கிழமை கவனித்தேன். இப்போது அவளும் அந்த இடத்தில்தான் மூச்செடுக்கிறாள்.