என் போர் தண்ணீருக்கு 9999

ஜூன் 3

விற்க அரைத்த இட்லி மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. ஹாஸ்டல் மெஸ் நடத்தும் கமலக்கண்ணன் வழக்கம்போல் இரண்டு தூக்கு வாங்கிப் போனார். உங்கள் தலைமுடி மாதிரி மெஸ்ஸிலும் ஆள் குறைகிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனார்.

மதியம் நஸ்லின் வந்தாள். தண்ணீர் ஆராய்ச்சி பண்ணும் பெண். போன வருஷம் மாதாமாதம் எங்கள் தெரு போர்வெல் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்துப் போய் உப்பு பார்த்தவள். கட்டுரை அச்சாகிவிட்டதாம். பால் பூத் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள், அடியில் க்யூஆர் கோடு. அதற்குள் ஒரு எண் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் மாறினாலும் எண் மாறாதாம், எப்போது தட்டினாலும் அவள் எடுத்த கணக்குக்கே கொண்டுபோய் விடுமாம். என் வீட்டுக்காரர் சட்டையிலும் ஒன்று ஒட்டிவிடு, தேடுகிற வேலை மிச்சம் என்றேன்.

ஜூன் 5

எதிர்வீட்டுச் சுடர்விழி போனோடு வந்தாள். பூத் தாளை ஸ்கேன் பண்ணியதும் நேராக ஒரு அட்டவணை இறங்கியதாம். வீட்டு நம்பர், பக்கத்தில் உப்பு அளவு. எல்லா வீட்டுக்கும் எழுநூறு, எண்ணூறு, மிஞ்சினால் ஆயிரம். கடைசி மாதத்தில் க-14க்கு மட்டும் 9999. க-14 நான்தான். நஸ்லின் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் மோட்டார் மேல் இருக்கிறது, தெருவுக்கே தெரியும்.

"இன்னாக்கா, கடலையே வூட்டுக்குள்ள வெச்சிருக்கியா?"

வலை எடுத்துக்கிட்டு வா என்று நானும் சிரித்தேன். அவள் போனதும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். ருசியே தெரியவில்லை.

ஜூன் 6

கமலக்கண்ணன் வரவில்லை.

ஜூன் 7

கமலக்கண்ணன் போன் செய்தார். "பொம்பளப் புள்ளைங்க சாப்புடறது, செல்வி. தப்பா நெனச்சிக்காத. கொஞ்ச நாள் வேணாம்." அட்டவணையை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்க்கிறார். நல்லாத்தாண்டி கீது என்கிறார். தினம் குடிக்கிற நாக்குக்கு என்ன தெரியும்? ஒருவேளை நிஜமாகவே இருந்தால்? எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாவு போயிருக்கும் —

ஜூன் 8

அரைக்கவில்லை. கிரைண்டரைத் துடைத்து மூடி வைத்தேன்.

ஜூன் 9

நஸ்லினை வரவழைத்தேன். போனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. 9999 உப்பின் அளவே இல்லையாம். தண்ணீர் எடுக்காத இடத்தில் போடுகிற அடையாளமாம். அந்த மாதம் எங்கள் மோட்டார் எரிந்து கிடந்தது, வெறும் பாட்டிலோடு திரும்பிப் போனாள். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதையெல்லாம் விளக்கி இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறாளாம். க்யூஆர் கோடுக்குள் இருக்கும் எண் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை, நேராக அட்டவணையை இறக்கிவிடுகிறது.

"ஏம்மா அப்படி வெச்ச?"

"ரெண்டு தடவ தட்டறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

பொண்ணு பாக்க வந்தவங்கள ஒக்கார வெச்சி, இது யாரு எவருன்னு ஒரு வார்த்த சொல்லாம நேரா கொல்லைக்கா இட்டுனு போவ? — கத்திவிட்டேன். தலை குனிந்து நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யார் பிழைப்பு போயிருக்கிறது?

என் வரியை அழித்துவிடு என்றேன். மாட்டேன் என்றாள். கட்டுரையில் காட்டியிருப்பது இந்த அட்டவணையைத்தான், சொல்லாமல் கை வைத்தால் கட்டுரை ஒன்று சொல்லும் அட்டவணை ஒன்று காட்டும் என்றாள். "அழிச்சா மறைச்சிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. இருக்கறது இருக்கட்டும், என்னான்னு புரியற மாதிரி வெக்கறேன்."

போகும்போது புதிதாக ஒரு பாட்டில் பிடித்துப் போனாள். இப்போதுதான் நிஜமான பயம்.

ஜூன் 13

நஸ்லின் போன் செய்தாள். எண் அதேதான், அது போய்ச் சேரும் இடத்தை மாற்றிவிட்டாளாம். சுடர்விழியைத் தட்டச் சொன்னேன். இப்போது முதலில் அந்தப் பக்கம் வருகிறது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, 9999 என்றால் தண்ணீர் எடுக்கவில்லை, சந்தேகம் கேட்க அவள் போன் நம்பர். அதற்குக் கீழேதான் அட்டவணைக்கு வழி. பழையது அப்படியே இருக்கிறது. இந்த வாரம் எடுத்ததைத் தனியாக, தேதி போட்டு வைத்திருக்கிறாள்.

என்னுடையது 1120.

ஒன்பதாயிரம் இல்லை. ஆனால் போன வருஷம் எண்ணூற்றைம்பது. சுடர்விழி போனை மூடினாள். உடனே கெடுதல் இல்லை, ஏறிக்கொண்டு வருகிறது, கவனமாக இருங்கள் என்கிறாள் நஸ்லின். மாவுக்கு மட்டும் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 17

கமலக்கண்ணன் வந்தார். அந்தப் பக்கத்தில் இருந்த நம்பருக்குப் பேசிக் கேட்டிருக்கிறார். புது அளவையும் பார்த்திருக்கிறார்.

"இப்ப எந்தத் தண்ணில அரைக்கற?"

"கேன் தண்ணி."

அவரைக் கேலி செய்ய நாலைந்து வாயில் வந்து நின்றன. விழுங்கிவிட்டு மாவுப் பாத்திரத்தைத் திறந்தேன். ஒரு தூக்குதான் கொண்டுவந்திருந்தார். நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.