சிகரெட்டை விட்ட பிறகு

அன்புள்ள இன்ஷிராஹ்,

உனக்கும் நம் மகளுக்கும் இறைவன் நல்ல சுகத்தைத் தரட்டும். எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இருமல் இருந்தது. மருத்துவர் சொன்னதால் சிகரெட்டை விட்டுவிட்டேன்.

அகபா துறைமுகத் தேநீர்க்கடையில், முன்பே விட்ட இருவர் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கிரேன் ஓட்டும் ஷௌக்கி, "ஒரே நாள்ல தூக்கி எறிஞ்சேன்!" என்றார்.

"புளுகாதண்ணே! அண்ணி பாக்கெட்டப் பிடுங்கினப்ப அழுதது யாரு?" என்றான் இன்னொருவனான மித்ஹத். அவனை அவன் அம்மா தினமும் சட்டையை மோந்து பார்த்துத் திட்டினாராம்.

"உன்கிட்ட யாருடா சண்ட போட்டது?" என்று ஷௌக்கி என்னைக் கேட்டார்.

"அறையில யாருண்ணே இருக்கா?" என்றேன். அவர் தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

வறுத்த பூசணி விதை அனுப்பு. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தொலைபேசியில் பேசும்போது, "இன்னைக்குப் பிடிச்சியா?" என்று ஒருமுறையாவது அதட்டிக் கேள்.

கப்பல் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வக்தி